கோச்சை இறக்கிய ஏழு பேர்

சிப்பித்துறைக்காரர்களை யாராவது முட்டாள்கள் என்று சொன்னால் எனக்குக் கோபம் வரும். நான் பெண் எடுத்த ஊர் அது. அவர்கள் சொன்ன சொல்லைக் கேட்கிறவர்கள், அவ்வளவுதான். சொன்னதற்கு மேலே ஒரு விரற்கடை போக மாட்டார்கள், கீழேயும் ஒரு விரற்கடை இறங்க மாட்டார்கள். சொன்ன பேச்சை யாரும் கேட்பதில்லை என்று ஊர் உலகமெல்லாம் புலம்புகிறபோது இப்படி ஓர் ஊர் இருந்துவிட்டுப் போகட்டுமே என்று கல்யாணமான புதிதில் நானும் நினைத்தேன்.

கன்னியாகுமரிப் பக்கத்துக் கடற்கரை ஊர் அது. அங்கே வலை பிடிக்காத நேரமெல்லாம் பந்துதான். டவுனில் 'முக்கடல் கால்பந்துக் கழகம்' என்று சம்பளத்துக்கு ஆட்டக்காரர்களை வைத்து ஆடுகிற அணி ஒன்று உண்டு. அந்த அணிக்குச் சிப்பித்துறையில் ஒரு ரசிகர் மன்றம், உறுப்பினர்கள் ஏழு பேர். தலைவர் சிலுவையடிமை, முப்பது வருஷம் விசைப்படகில் ஸ்ராங்காக, அதாவது படகை ஓட்டிப் போகிற பெரிய ஆளாக இருந்தவர். செயலாளர் பனிதாசன், மைக்செட் கடைக்காரன், என் மனைவியின் அண்ணன். மச்சானைப் பற்றி நானே பேசக் கூடாது, ஆனாலும் பேசித்தான் ஆகவேண்டியிருக்கிறது. மன்றத்தின் மூளை தாசையன். 'எனக்கு ஒரு சந்தேகம்' என்று அவர் ஆரம்பித்தால் அதுவரை தெளிவாக இருந்த எதுவும் அதற்குப் பிறகு தெளிவாக இருக்காது. மீதி நாலு பேரும் தலையாட்டுவார்கள். நாலு தலையும் ஒரே பக்கமாக ஆடும் என்பதால் அவர்களுக்குத் தனித்தனிப் பெயர் இந்தக் கதைக்குத் தேவையில்லை.

முதல் ஆட்டத்துக்குப் போனபோது வாசலில் 'டிக்கெட்டைக் கையில் வைத்திருக்கவும்' என்று பலகை மாட்டியிருந்தார்கள். ஏழு பேரும் தொண்ணூறு நிமிஷமும் டிக்கெட்டைக் கையில் வைத்திருந்தார்கள். கை தட்டினால் டிக்கெட் கசங்கும் என்று முக்கடல் அணி இரண்டு கோல் அடித்தபோதும் தட்டவில்லை. சிப்பித்துறை ரசிகர்கள் ரொம்பக் கண்ணியமானவர்கள் என்று மறுநாள் பேப்பரில் வந்தது.

அந்தப் பேப்பரிலேயே அணியின் கோச் நஞ்சப்பன் ஒரு பேட்டி கொடுத்திருந்தார். பொள்ளாச்சிக்காரர், தன்மையான மனிதர். 'ரசிகர்கள்தான் எங்களுடைய பன்னிரண்டாவது ஆட்டக்காரர்' என்று சொல்லியிருந்தார். எல்லாக் கோச்சும் எல்லாப் பேட்டியிலும் சொல்வதுதான். பனிதாசன் அதை உரக்கப் படித்தான். 

"எனக்கு ஒரு சந்தேகம்," என்றார் தாசையன். "ஆட்டக்காரன்னு சொல்லியாச்சு. அப்போ பாஸ் வருமா, வராதா?"

"வராம எப்படி ஓய்? சொன்னது கோச்சாக்கும்," என்றார் தலைவர்.

அடுத்த ஆட்டத்திலிருந்து ஏழு பேரும் காலில் பூட்ஸ் மாட்டிக்கொண்டு கேலரியில் நின்றார்கள். பாஸ் வரவில்லை. அதற்கடுத்த ஆட்டத்திலும் வரவில்லை. தலைவர் கையைத் தூக்கிக் காட்டினார், ஆள் இல்லாத பக்கமாகக் கேலரியிலேயே ஓடி நின்று பார்த்தார். இரண்டு வருஷம். முப்பத்தெட்டு ஆட்டம். ஒரு பாஸ்கூட இல்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றாத மனுஷன் என்று நஞ்சப்பன்மேல் சிப்பித்துறைக்கு வந்த கோபம் அப்படி வந்ததுதான். அணி தோற்றுக்கொண்டே இருந்தது அவர்களுக்குப் பெரிய விஷயமாகப் படவில்லை. தோற்பதும் ஜெயிப்பதும் கடவுள் விட்ட வழி. பாஸ் கொடுப்பது கோச் விட்ட வழி அல்லவா?

'நஞ்சப்பனே, வெளியே போ' என்று பெரிய பேனர் எழுதினார்கள். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் அதைப் பிடித்துக்கொண்டு, பனிதாசன் கடை மைக்கில் கத்தினார்கள். ஆட்டம் முடிந்ததும் கழகத்துக்கு ஒரு மனு, சில நாள் இரண்டு மனு போகும். நாற்பது மனு போயிற்று. அணி தோற்றதில் மற்ற ரசிகர்களும் கடுப்பாகி, சிப்பித்துறை எதற்குக் கத்துகிறது என்று தெரியாமலே கூடச் சேர்ந்து கத்த ஆரம்பித்தார்கள்.

கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை கழகம் நஞ்சப்பனை நீக்கிவிட்டது. 'சிப்பித்துறை ரசிகர் மன்றத்தின் தொடர் கோரிக்கையை ஏற்று' என்று அறிக்கையில் எழுதியிருந்தார் மேனேஜர் பத்மநாபன். நாளைக்குப் பழி வந்தால் போட ஓர் இடம் வேண்டும் என்று எழுதியவர் அவர். மேனேஜர் என்றால் அந்த அளவுக்காவது இருக்க வேண்டும்.

சிப்பித்துறையில் வெடி போட்டார்கள். வெடி முடிந்து புகை அடங்கியதும் ஏழு பேருக்கும் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"எனக்கு ஒரு சந்தேகம்," என்றார் தாசையன். "ஞாயித்துக்கெழமை யாரைப் போகச் சொல்லணும்?"

பேனர் இருந்தது, மைக் இருந்தது, ஆள்தான் இல்லை. நஞ்சப்பன் பெயரை அழித்துவிட்டு 'வெளியே போ' என்று மட்டும் பிடித்தால் என்ன என்று பனிதாசன் கேட்டான். அப்படிப் பிடித்தால் படிக்கிறவர்களெல்லாம் எழுந்து வெளியே போய்விடுவார்கள், கேலரி காலியாகும் என்று தலைவர் மறுத்தார். நாலு தலைகள் ஆடின.

அப்போதுதான் செலின் வந்தாள். தலைவருடைய மகள். அவள் புருஷன் ரெக்சன்தான் முக்கடல் அணியின் கோல்கீப்பர். ரெக்சனுக்குக் கடல் ஆகாது. படகில் ஏறினால் வாந்தி, படகு கட்டிக் கிடந்தாலும் வாந்தி. ஒருமுறை தண்ணீர்த் தொட்டியில் அலையடித்ததைப் பார்த்துத் தலைசுற்றி உட்கார்ந்தவன். கரையில் நிற்கிற வேலை ஏதாவது வேண்டுமென்றுதான் அவன் கோல்கீப்பர் ஆனதே.

"அப்பா, கோச்சை இறக்கியாச்சுன்னு வெடி போட்டியளா?" என்று கேட்டாள்.

"போட்டோம் மக்ளே. நீ கேக்கல்லியா?"

"ஞாயித்துக்கெழமை கடைசி ஆட்டம். சமமா முடிச்சாப் போதும், டீம் தப்பிச்சிரும். தோத்தா கீழ்ப் பிரிவுக்குப் போவும். கீழ போனா கிளப்பை மூடிருவேன்னு முதலாளி சொல்லியாச்சு. மூடினா எனக்க வீட்டுக்காரரு உங்க படகுலதான் ஏறணும். பக்கெட்டு நீங்கதான் பிடிக்கணும். நான் பிடிக்க மாட்டேன்."

தலைவர் முகம் வெளுத்துப் போயிற்று. அவருக்கு மருமகன்மேல் பிரியம். அதைவிட, அந்தப் பக்கெட்டை அவர் முன்பு ஒருமுறை பிடித்திருக்கிறார்.

"இப்போ என்ன மக்ளே செய்ய?"

"ஸ்ராங்கை இறக்கினது நீங்கதானே? போங்க, போயிச் சுக்கானைப் பிடிங்க," என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று போய்விட்டாள்.

கோபத்தில் சொன்ன வார்த்தை. ஆனால் அது சிப்பித்துறையின் பழைய கட்டுப்பாடு. மீன் படவில்லை என்றால் ஸ்ராங்கைத் திட்டுவது எந்த ஊரிலும் உள்ளதுதான். முன்னொரு காலத்தில் சிப்பித்துறைப் படகு ஒன்றில் ஸ்ராங்கைத் திட்டித் திட்டி ஒரு பாறையில் இறக்கிவிட்டு, இனி யார் ஓட்டுவது என்று பேசிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். பேச்சு முடிவதற்குள் படகு தானாகவே கொல்லத்துக்குப் போய்விட்டதாம். அன்றைக்குப் போட்ட விதி: ஸ்ராங்கை இறக்கினவன் சுக்கானைப் பிடிக்கணும். இறங்கினவருக்கு ஒரு புது வேட்டியும் ஒரு பொட்டலம் நெத்திலிக் கருவாடும் கொடுத்து மரியாதையாக அனுப்ப வேண்டும். திட்டுகிற வாயை அடைக்கத்தான் பெரியவர்கள் அப்படி விதி போட்டிருப்பார்கள். வேறு ஊராக இருந்தால் அடைத்திருக்கும்.

வியாழக்கிழமை காலையில் ஏழு பேரும் வேட்டியும் கருவாடுமாக மைதானத்துக்குப் போய் இறங்கினார்கள்.

உடைமாற்றும் அறையில் நஞ்சப்பன் தனியாக உட்கார்ந்து பனியன்களை மடித்துக்கொண்டிருந்தார். நீக்கப்பட்டவர் பனியன் மடிக்க வேண்டியதில்லை. பழக்கம். ஏழு பேரையும் பார்த்ததும் மடிப்பதை நிறுத்திவிட்டார்.

"வாங்க. இன்னும் ஏதாச்சும் பாக்கி இருக்குதுங்களா, திட்டறதுக்கு?"

"இல்ல சார். அதெல்லாம் முடிஞ்சுது," என்று தலைவர் வேட்டியை நீட்டினார். "சுக்கான் எங்க இருக்கு?"

நஞ்சப்பனுக்கு விஷயம் விளங்கக் கால்மணி நேரம் ஆயிற்று. விளங்கியதும் சிரிக்கவில்லை. விசிலைக் கழற்றித் தலைவர் கழுத்தில் போட்டார். பையிலிருந்து ஒரு நீல நோட்டை எடுத்துக் கொடுத்தார். "இதுல எல்லாம் எழுதியிருக்கேனுங்க. இருவது வருஷத்து நோட்டு. இதுல இருக்கற மாதிரி ஆடுனா தோக்க மாட்டீங்க. நம்ம பசங்க இதைக் கேட்டதே இல்லீங்க."

"நாங்க கேப்போம் சார்," என்றார் தலைவர். அப்படிச் சொன்னது எவ்வளவு பெரிய அபாயம் என்று பொள்ளாச்சிக்காரருக்குத் தெரியாது.

புறப்படும்போது தாசையனால் அடக்க முடியவில்லை. "ஒரு சந்தேகம் சார். ரெண்டு வருசமா ஏன் எங்களுக்கு ஒரு பாஸ்கூடத் தரல்ல?"

நஞ்சப்பன் நாற்பது மனுவையும் படித்தவர். எல்லாவற்றிலும் இந்த ஒரு வரி இருந்தது. ஏதோ ரசிகர்கள் வேகத்தில் எழுதுவது என்றுதான் அவர் நினைத்திருந்தார். இப்போது எதிரே ஏழு பேர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள். 

"தப்புத்தானுங்க," என்றார். "சொல்லியிருக்கக் கூடாது. சொன்னா, கொடுத்திருக்கோணும்."

சைவச் சாப்பாட்டுக்காரரான அவர் கருவாட்டுப் பொட்டலத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு ரயிலுக்குப் போனார். ஏழு பேரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

துணைக் கோச் போன வாரமே வேறு கிளப்புக்குத் தாவியிருந்தார். மேனேஜர் பத்மநாபன் யோசித்தார். ஞாயிறு எப்படியும் தோற்கத்தான் போகிறது. தோற்ற கோச் ரசிகர் மன்றமே என்றால் யார் யாரைத் திட்ட முடியும்? ஆட்டப் படிவத்தில் 'தலைமைப் பயிற்சியாளர்' என்ற இடத்தில் 'சிப்பித்துறை ரசிகர் மன்றம்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார்.

நோட்டின் முதல் பக்கத்தில் 'தினமும் காலையில் மைதானத்தைப் பத்துச் சுற்று ஓட வேண்டும்' என்று இருந்தது.

"யாரு ஓடணும்னு எழுதல்லியே," என்றான் பனிதாசன்.

"நோட்டு யாரு கையில இருக்கோ அவனுக்குத்தானே எழுதினது?" என்றார் தாசையன்.

ஏழு பேரும் ஓடினார்கள். ஆட்டக்காரர்கள் புல்லில் உட்கார்ந்து பார்த்தார்கள். நாலாவது சுற்றில் தலைவர் கோல் போஸ்டைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். மருமகன்தான் தண்ணீர் கொடுத்துக் கூட்டி வந்தான். இரண்டு வருஷமாக ஓடச் சொன்னால் முனகுகிற ஆட்டக்காரர்களுக்கு அன்றைக்கு ஓய்வு கிடைத்ததில் புதிய கோச்மேல் பெரிய மதிப்பு உண்டாகிவிட்டது.

ஞாயிறு ஆட்டத்துக்கென்று எழுதிய பக்கத்தில், 'எதிரணியின் பத்தாம் நம்பர்தான் ஆபத்து. டைட்டஸ் அவனை நிழல்போல ஒட்டிக்கொள்ள வேண்டும். எங்கே போனாலும் கூடவே போக வேண்டும். ஒரு நொடிகூட விடக் கூடாது' என்று இருந்தது. டைட்டஸ் நம்முடைய தடுப்பாட்டக்காரன். பத்தாம் நம்பர் என்பவன் மலைக்கோட்டை அணியின் அஸ்லம், அந்த வருஷம் பதினேழு கோல் அடித்தவன்.

"எப்போதிலிருந்து ஒட்டணும்?" என்று டைட்டஸ் கேட்டான்.

தாசையன் நோட்டை முன்னும் பின்னும் புரட்டினார். "நேரம் போடல்ல. அப்போ அவன் வந்து எறங்கின நேரத்திலிருந்துதான்."

வெள்ளிக்கிழமை காலையில் அஸ்லம் ரயிலிலிருந்து இறங்கியபோது டைட்டஸ் பெட்டி வாசலில் நின்றான். அஸ்லம் டீ குடித்தான், பக்கத்தில் டைட்டஸ் டீ குடித்தான். அஸ்லம் ஜும்மா தொழுகைக்குப் போனான், டைட்டஸ் வாசலில் செருப்புக்குக் காவல் நின்றான். அஸ்லம் முடி வெட்டப் போனான், அடுத்த நாற்காலியில் டைட்டஸும் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். முதலில் அஸ்லம் திட்டினான், பிறகு கெஞ்சினான், சனிக்கிழமை சாயங்காலம் மனசு விட்டுப் பேச ஆரம்பித்தான். தங்கச்சி நிக்காஹ், முட்டியில் பழைய வலி, அம்மாவுக்குத் தான் பந்தாடுவது பிடிக்காதது எல்லாம் வந்தது. டைட்டஸ் முட்டிக்கு எண்ணெய் தேய்த்துவிட்டான். ஞாயிறு காலையில் இருவரும் ஒரே தட்டில் புட்டு தின்றார்கள்.

நோட்டின் நடுப்பக்கத்தில் ஒரு வாக்கியத்தைச் சிவப்பு மையில் இரண்டு கோடு போட்டு வைத்திருந்தார் நஞ்சப்பன். 'பந்து நம்மிடம் இருக்கும்வரை அவர்களால் கோல் போட முடியாது.'

பனிதாசன் இதைப் படித்ததும் தலைவர் எழுந்து நின்றுவிட்டார்.

"இருவது வருசம் யோசிச்சிருக்காரு பாத்தியளா. இவ்வளவு லேசா ஒரு வழி இருக்கும்போது எல்லாரும் எதுக்கு ஓடுதானுவ, விழுதானுவ?"

கிளப்பில் பதினாலு பந்து இருந்தது. சனிக்கிழமை மத்தியானம் பதினாலையும் வலையில் கட்டி, பஸ் கூரையில் ஏற்றி, சிப்பித்துறைக்குக் கொண்டுபோய் மீன் வைக்கிற ஐஸ் அறையில் போட்டுப் பூட்டினார்கள். சூரை மீனுக்குப் பக்கத்தில் பத்திரமாக இருந்தன. சாவியைத் தலைவர் அரைஞாணில் முடிந்துகொண்டார்.

ஞாயிறு மத்தியானம் நடுவர் வந்து பந்து கேட்டார். சொந்த மைதானத்து அணிதான் பந்து கொடுக்க வேண்டும் என்பது விதி. தலைவர் கொடுக்க மாட்டேன் என்றார். மேனேஜர் பத்மநாபன் ஓடி வந்து கையைப் பிடித்துக் கெஞ்சினார்.

"பந்து குடுக்கல்லன்னா தோத்ததா எழுதிருவாங்க அண்ணாச்சி."

மறுபடி ஆலோசனை. தாசையன்தான் வழி சொன்னார். "ஒரு பந்துகூட இங்க இல்லன்னா, பந்து நம்மகிட்ட இருக்குதுன்னு அவனுவளுக்கு எப்படித் தெரியும்? காட்டுதுக்காவது ஒண்ணு வேணும்." பனிதாசனின் மைக்செட் பெட்டிக்குள் விளையாட்டுக்குக் கிடந்த ஒரு பந்தை எடுத்துக் கொடுத்தார்கள். நடுவர் அதை அமுக்கிப் பார்த்துவிட்டு, தலையெழுத்தே என்று ஒப்புக்கொண்டார்.

அடுத்த சிக்கல் நாற்காலி. கோச்சுக்கென்று கோட்டோரத்தில் இருந்தது மூன்று நாற்காலி. கோச் ஏழு பேர். தவிர, அவர்களுடைய வருஷ டிக்கெட்டில் 'இந்த இருக்கையை வேறொருவருக்கு மாற்றக் கூடாது' என்று அச்சடித்திருந்தது. எழுந்து வந்துவிட்டால் வேறு எவனாவது உட்கார்ந்துவிடுவான். அதனால் தலைவரும் தாசையனும் இன்னொருவரும் கோட்டோரத்தில் உட்கார்வது, பனிதாசனும் மற்ற மூவரும் கேலரியில் வழக்கமான இடத்தில் உட்கார்வது என்று முடிவாயிற்று. செலின் கேலரியில் அவர்களுக்குப் பின்னால் ஜெபமாலையோடு உட்கார்ந்தாள்.

ஆட்டம் தொடங்கியது. மலைக்கோட்டைக்கும் சமமாக முடிந்தால் போதும், கோப்பை அவர்களுக்குத்தான். ஆனாலும் பந்தை அஸ்லமுக்கே அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அஸ்லம் இரண்டு நாளாகத் தூங்கவில்லை. டைட்டஸ் எதிரே வந்தால் அவனை இடித்துக்கொண்டு போக மனசு வரவில்லை. "முட்டி எப்படி இருக்கு?" என்று டைட்டஸ் கேட்பான், அஸ்லம் நின்று பதில் சொல்வான். அதற்குள் பந்து வெளியே உருண்டு போய்விடும். முக்கடலும் ஒரு கோல் அடிக்கவில்லை, அடிக்கிற மாதிரிகூடத் தெரியவில்லை. நோட்டில் கோல் போடுவதைப் பற்றிய பக்கத்துக்கு இன்னும் கோச் வந்து சேரவில்லை.

அறுபதாவது நிமிஷத்தில் கேலரிக்குப் பொறுக்கவில்லை. கேலரியில் உட்கார்ந்தால் ரசிகன், ரசிகனுக்கென்று ஒரு கடமை இருக்கிறது. பனிதாசன் மைக்கை எடுத்தான்.

"கோச்சே, வெளியே போ!"

கேலரி முழுக்க அதைப் பிடித்துக்கொண்டது. கோட்டோரத்தில் தலைவருக்கு முகம் சுருங்கிவிட்டது. "நாம நல்லாத்தானே ஓய் செய்யுதோம்?" என்று தாசையனிடம் கேட்டார். தாசையன் ஆட்டத்தைப் பார்த்தார், கேலரியைப் பார்த்தார், நீண்ட நேரம் யோசித்தார். "அவங்க சொல்லுகதுல நியாயம் இருக்கு," என்றார். பனிதாசன் மடியில் வைத்து நாற்பத்தொன்றாவது மனுவை எழுதத் தொடங்கிவிட்டிருந்தான்.

எண்பத்து நாலாவது நிமிஷம். அஸ்லம் களைப்பில் தவறுதலாக நல்ல பாஸ் ஒன்றைக் கொடுத்துவிட்டான். மலைக்கோட்டை ஆள் ஒருவன் கோலுக்கு நேராக ஓடுகிறான். ரெக்சன் தனியாக நிற்கிறான். அவன் கண்ணுக்குப் புல்லெல்லாம் அலையடித்தது என்று பிற்பாடு சொன்னான். செலின் கண்ணை மூடிக்கொண்டாள். எங்கிருந்தோ டைட்டஸ் சறுக்கி வந்து பந்தைக் கேலரிப் பக்கம் ஓங்கி உதைத்தான். பந்து உயரப் போய், வளைந்து, பனிதாசன் மடியில் மனுவின்மேல் வந்து விழுந்தது.

கேலரியில் நாலு பேரும் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு வருஷம். முப்பத்தொன்பது ஆட்டம்.

"பாஸ்," என்றான் பனிதாசன். குரல் உடைந்துவிட்டது.

கீழே நடுவர் பந்தை வீசச் சொல்லிக் கைகாட்டினார். நாலு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பந்து இப்போது நம்மிடம் இருக்கிறது. நம்மிடம் இருக்கும்வரை என்ன என்பதை நோட்டில் படித்தவர்கள் அவர்கள். பனிதாசன் பந்தைச் சட்டைக்குள் விட்டுப் பொத்தானைப் போட்டான். நாலு பேரும் வரிசையாகப் படியிறங்கி, வாசலைத் தாண்டி, நின்றுகொண்டிருந்த பஸ்ஸில் ஏறி, சிப்பித்துறைக்கு நாலு டிக்கெட் வாங்கிவிட்டார்கள்.

மேனேஜர் செல்போனில் அலறினார். "பந்தைத் திருப்பிக் கொண்டு வாரும் ஓய்!"

"கோச் சொல்லட்டும்," என்றான் பனிதாசன்.

நடுவர் கோச்சிடம் வந்தார். தலைவர் எழுந்து நின்று, சிவப்புக் கோடு போட்ட பக்கத்தை அவரிடம் விரித்துக் காட்டினார். நடுவர் படித்தார். அதில் தப்பு எதுவும் அவருக்குத் தெரியவில்லை.

"சரி, வேற பந்து எடுங்க."

"பதினாலு இருக்கு சார். எல்லாம் ஐஸ்ல கெடக்கு. சாவி எனக்க இடுப்புல, கதவு ஊருல. போயிட்டு வர ரெண்டு மணி நேரம் ஆவும்."

அந்த மைதானத்தில் விளக்கு கிடையாது. வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. நடுவர் இரண்டு அணிக் கேப்டன்களையும் கூப்பிட்டுக் கேட்டார். மலைக்கோட்டைக்குக் கோப்பை கிடைத்தால் சரி, அஸ்லம் நடுமைதானத்தில் டைட்டஸ் தோளில் சாய்ந்து தூங்கியே விட்டிருந்தான். பூஜ்யத்துக்குப் பூஜ்யம் என்று எழுதி விசில் ஊதினார். முக்கடல் தப்பித்தது.

செலின் ஓடி வந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "அப்பா, பக்கெட்டை வித்திருவோம்," என்றாள். தலைவரும் அழுதார், ஆனால் அவருக்கு மனசு முழுதாகக் குளிரவில்லை. கேலரியில் கத்தியது இன்னும் காதில் இருந்தது.

அன்றே மன்றம் கூடியது. நாற்பத்தொன்றாவது மனு வாசிக்கப்பட்டது. 'இந்தக் கோச்சின் கீழ் அணி ஒரு கோலும் அடிக்கவில்லை. ஆட்டக்காரர்கள் ஓடுவதில்லை. மைதானத்தில் பந்தே இருப்பதில்லை. உடனே நீக்க வேண்டும்.' தலைவர் முதல் கையெழுத்துப் போட்டார். மனுவில் உள்ள ஒவ்வொன்றும் உண்மை என்பது அவரைவிட யாருக்குத் தெரியும்?

திங்கட்கிழமை மேனேஜர் பத்மநாபன் அந்த மனுவை மூன்று தடவை படித்தார். பிறகு பேனா எடுத்து, 'கோரிக்கை ஏற்கப்பட்டது' என்று ஒரு நிமிஷத்தில் எழுதிவிட்டார். அவர் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாக ஏற்ற கோரிக்கை வேறில்லை. எழுதிய கையோடு பொள்ளாச்சிக்குப் போன் போட்டு, நஞ்சப்பனைத் திரும்பி வரச் சொன்னார்.

சிப்பித்துறையில் மறுபடி வெடி போட்டார்கள். புகை அடங்கியது.

"எனக்கு ஒரு சந்தேகம்," என்றார் தாசையன். "இந்தக் கோச்சை இறக்கினது யாரு?"

"நாமதான்."

"அப்போ சுக்கானை யாரு பிடிக்கணும்?"

நாலு தலைகள் ஆடின.

புதன்கிழமை காலையில் ஏழு பேரும் புது வேட்டியும் நெத்திலிக் கருவாடுமாக மைதான வாசலில் போய் உட்கார்ந்தார்கள். இறங்கின கோச் வெளியே வந்ததும் மரியாதை செய்து அனுப்பிவிட்டுப் பொறுப்பை எடுக்க வேண்டும். ஒரு மணி நேரமாயிற்று. யாரும் வெளியே வரவில்லை. அந்த நேரத்தில் பெட்டியோடு நஞ்சப்பன் வந்து இறங்கினார். அவர்கள் கொடுத்த வேட்டியைத்தான் கட்டியிருந்தார்.

"யாருக்குங்க காத்துட்டு இருக்கீங்க?"

"பழைய கோச்சுக்கு சார். ஒமக்கில்ல, ஒமக்குக் குடுத்தாச்சு. இது ஞாயித்துக்கெழமை இருந்தவருக்கு. அவரை இறக்கிட்டோம்."

நஞ்சப்பன் பெட்டியைக் கீழே வைத்தார். இரண்டு வருஷம் இவர்கள் மனுவைப் படித்தவர், வேறு எதுவும் கேட்கவில்லை. "ஆளு எப்படிங்க அவரு?" என்றார்.

"மோசம்," என்றார் தலைவர். "ஒரு கோலு கெடையாது. ஓட்டமும் கெடையாது." கருவாட்டுப் பொட்டலத்தை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார். "ஆனா சார், எங்களுக்குப் பாஸ் குடுத்தது அவரு ஒருத்தருதான்."

ஏழு பேருக்கும் ஒரே நேரத்தில் கண் கலங்கிவிட்டது. இப்படிப்பட்ட மனுஷனையா இறக்கினோம்? போகிற நேரத்தில் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் போகிற அளவுக்கு அவர் மனசை நோகடித்துவிட்டோமே என்று தாசையன் விம்மினார்.

"பனிதாசா, எழுது," என்றார் தலைவர். "பழைய கோச்சை உடனே திருப்பி எடுக்கணும்."

வைத்து எழுத இடமில்லை. நஞ்சப்பன் குனிந்து முதுகைக் கொடுத்தார். நாற்பத்திரண்டாவது மனு அப்படித்தான் எழுதப்பட்டது. ஏழு பேரும் வரிசையாகக் கையெழுத்துப் போட்டார்கள். பையில் வேலை உத்தரவை வைத்துக்கொண்டே, எட்டாவதாக நஞ்சப்பனும் போட்டார்.